டெக்சாஸ் கிண்ணத்துக்காகப் போகலாம், சின்சினாட்டித் தட்டுக்காக வேண்டாம்

டெக்சாஸ், ஒஹாயோ, நியூ மெக்சிகோ ஆகிய மூன்று அமெரிக்க மாநிலங்களின் சில்லியும் (மிளகாயைச் சேர்த்துச் சமைக்கும் உணவு) ஒரே இடத்தில் கிடைக்கும் என்று விளம்பரம் செய்யும் டல்லாஸ் உணவகம் ஒன்றில் சென்ற சனிக்கிழமை மதிய உணவு சாப்பிட்டோம்.

டெக்சாஸ் சட்டமன்றம் 1977-ல் மாநில உணவாக அறிவித்த சில்லியில் மாட்டிறைச்சியும் காய்ந்த மிளகாயும்தான் பிரதானம். 1967-ல் டெக்சாஸின் டெர்லிங்குவா என்ற சிற்றூரில் தொடங்கி இன்றும் நடக்கும் சில்லிப் போட்டிகளில், சில்லிக்குள் பீன்ஸ் என்னும் பயறு வகைக்கு இடமே இல்லை. இந்த உணவகம் அந்த மரபை மதிக்கிறது. கட்டைவிரல் நுனி அளவுக்கு நறுக்கிய இறைச்சி, கரண்டியால் அழுத்தினால் நார்நாராகப் பிரியும் பதத்தில் வெந்திருந்தது. ஆன்சோ என்ற காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதின் லேசான இனிப்பும் கசப்பும் சீரகத்துக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தன, கிண்ணத்தின் ஓரத்தில் செந்நிற எண்ணெய் மெல்லிய வளையமாகப் பிரிந்து நின்றது. கேட்பவர்களுக்கு மட்டும் பின்டோ பீன்ஸைத் தனிக் கிண்ணத்தில் தருகிறார்கள். எனக்கு பீன்ஸ் பிடிக்கும் என்பதால் பாதியை உள்ளே கொட்டிக் கலந்தேன். பரிமாறிய பெண்மணி அதைப் பார்த்தும் நாகரிகமாக எதுவும் சொல்லவில்லை. 12 டாலருக்கு அந்தக் கிண்ணம் தகும்.

14 டாலர் கொடுத்து வாங்கிய, ஒஹாயோவின் சின்சினாட்டி நகரத்து 'த்ரீ-வே'யைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மாசிடோனியாவிலிருந்து குடியேறிய கிராட்ஜியெஃப் சகோதரர்கள் 1922-ல் சின்சினாட்டியில் அறிமுகப்படுத்திய இந்தச் சில்லியில், அரைத்த இறைச்சியை வதக்காமல் பச்சையாகவே தண்ணீரில் உதிர்த்துக் கொதிக்கவைப்பார்கள். அதனால்தான் அது பட்டை மணக்கும் நைசான குழம்பாக ஸ்பகெட்டியின் மேல் படிகிறது, அதன்மேல் செடார் சீஸை நூல் போலத் துருவிக் குவிக்கிறார்கள். இந்த மூன்று அடுக்குகளும் சேர்ந்ததே 'த்ரீ-வே'; வெங்காயமோ பீன்ஸோ சேர்த்தால் 'ஃபோர்-வே', இரண்டையும் சேர்த்தால் 'ஃபைவ்-வே'. அந்த ஊர்க்காரர்கள் ஸ்பகெட்டியை முள்கரண்டியில் சுற்றாமல், அடுக்குகள் கலையாதபடி வெட்டிச் சாப்பிடுவார்கள். எங்கள் தட்டிலோ இறைச்சி துண்டு துண்டாகக் கிடந்ததால், முள்கரண்டியை வைத்ததுமே எல்லாம் சரிந்துவிட்டது; தடிமனாகத் துருவிய சீஸும் இளகவில்லை. டெக்சாஸ் சில்லியையே ஸ்பகெட்டியின் மேல் ஊற்றிப் பட்டைத்தூளைத் தூவிவிட்டார்களோ என்ற ஐயம் எனக்கு அப்போதே எழுந்தது.

நியூ மெக்சிகோவில் சில்லி என்றால் பெரும்பாலும் மிளகாயையே முதன்மையாகக் கொண்ட சாறுதான். சிவப்பா பச்சையா என்று அங்கே கேட்பது போலவே இங்கும் கேட்டார்கள். இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்ல வேண்டும். சுட்டுத் தோலுரித்த பச்சை மிளகாயோடு பன்றியிறைச்சி சேர்ந்த பச்சைச் சாறு நன்றாகவே இருந்தது, உப்பு மட்டும் சற்றுத் தூக்கல்.

நாங்கள் எழுந்திருக்கும் நேரத்தில், டெக்சாஸ் சில்லி தீர்ந்துவிட்டதாகப் பக்கத்து மேசைக்காரர்களிடம் பரிமாறுபவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியானால் த்ரீ-வே தாருங்கள் என்று அவர்கள் கேட்டதற்கு, அதுவும் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது.