பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா?

சென்னையில் மண்ணடி, ராயபுரம் பக்கம் பழைய வீட்டைப் பழுதுபார்ப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும்.

செலவு: சிமெண்ட் மலிவு. சுண்ணாம்புக் காரைக்குக் கூலியே அதிகம். வேலை தெரிந்த கொத்தனாரையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

வேகம்: சிமெண்ட் சீக்கிரம் இறுகும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் கெட்டிப்படும். அவசரக்காரர்களுக்கு ஆகாது.

நீடித்து உழைப்பது: விஷயமே இங்கேதான். கடல் பக்கத்துச் சுவரில் உப்பும் ஈரமும் இருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அடைத்துவிடும். உள்ளே உப்பு படிகமாகிச் செங்கலையே பொடியாக்கும். செங்கல் வளைவு லேசாக அசைந்தால் சுண்ணாம்பு ஈடுகொடுக்கும், சிமெண்ட் விரிசல் விடும்.

1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையக் காலத்துக் கட்டடமா? யோசிக்காமல் சுண்ணாம்பு. பின்னால் புதிதாகச் சேர்த்த குளியலறைக்குச் சிமெண்டே போதும்.