மாநகரப் பேருந்து: 1,000 ரூபாய் பாஸா, அன்றாட டிக்கெட்டா?

சென்னையில் 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஒரேயடியாக ஏறியபோது அதிகம் அடிவாங்கியவர்கள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவர்கள். காரணம், கட்டணம் ஸ்டேஜ் கணக்கு, அதாவது வழியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கடக்கும் பகுதிக்கு ஏற்பக் காசு. ஒரே பஸ்ஸில் போனால் தூரம் கூடக்கூட டிக்கெட் மெதுவாகத்தான் ஏறும். நடுவில் இறங்கி மாறினால் மறுபடி முதல் ஸ்டேஜிலிருந்து காசு.

1,000 ரூபாய் மாத பாஸ் இருந்தால் ஏசி அல்லாத மாநகர பஸ்ஸில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். மாதம் 22 நாள் வேலை என்று வையுங்கள். ஒரு பஸ்தான் என்றால் 44 பயணம். டிக்கெட் சுமார் 23 ரூபாயைத் தாண்டினால்தான் பாஸ் லாபம். சாதாரண பஸ்ஸில் நேராகப் போகிறவருக்குப் பெரும்பாலும் தண்டம். இரண்டு பஸ் என்றால் 88 டிக்கெட். ஒன்று 12 ரூபாய் ஆனாலே பாஸ் முந்திவிடும்.

காசில் தெரியாத லாபம் ஒன்று உண்டு. டிக்கெட் எடுப்பவர் வெள்ளை போர்டு போட்ட சாதாரண பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் காத்திருப்பார். பாஸ்காரர் முதலில் வரும், கட்டணம் கூடுதலான டீலக்ஸ் பஸ்ஸில் ஏறிவிடுவார். ஆனால் ஏசி பஸ்ஸில் இந்த பாஸ் செல்லாது, டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். அதற்கு 2,000 ரூபாய் பாஸ் தனி.

பெண்களுக்குச் சாதாரண பஸ் 2021 மே முதல் இலவசம். அவர்கள் டீலக்ஸுக்குக் கொடுப்பதை மட்டும் கூட்டிப் பார்த்தால் போதும். நீண்ட விடுப்பு வரும் மாதத்தில் யாருக்குமே டிக்கெட்தான் மேல்.