மாவு: ஆட்டுவதா, வாங்குவதா?

இரவு பத்து மணிக்கு ஃபிரிட்ஜைத் திறக்கும்போது இட்லி மாவுப் பாத்திரம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் மறுநாள் காலையைப் பற்றிக் கவலை இல்லை. இல்லையென்றால் உப்புமா. உப்புமா என்றால் பிள்ளைகளோடு வாக்குவாதம், வாக்குவாதம் முடிவதற்குள் பள்ளி வேன் வந்துவிடும். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் வாரத்துக்கு மூன்று நான்கு வேளைச் சாப்பாடு இந்தப் பாத்திரத்தை நம்பித்தான் ஓடுகிறது. ஆகவே மாவை வீட்டில் ஆட்டுவதா, வாங்குவதா என்பதை வெறும் ருசிப் பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. வார நாட்களின் நிர்வாகமே அதில் அடங்கியிருக்கிறது.

வழிகள் ஐந்து: வீட்டுக் கிரைண்டர், மிக்ஸி, நாம் ஊறவைத்துக் கொண்டுபோவதை அரைத்துத் தரும் கடை, தெருமுனையில் கவரில் கட்டி விற்கும் மாவு, நிறுவனத்தின் பாக்கெட் மாவு. பணம், நேரம், புளிப்பு ஆகிய மூன்றையும் வைத்து இவற்றை எடைபோடலாம். மூன்றாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதலில் வர வேண்டும்.

பணக் கணக்கு எளிது. எங்கள் பகுதி மளிகைக் கடையில் இட்லி அரிசி கிலோ சுமார் 50 ரூபாய், உருட்டு உளுந்து சுமார் 150 ரூபாய். நாலுக்கு ஒன்று என்ற அளவில் 800 கிராம் அரிசி, 200 கிராம் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் போட்டால் செலவு 70 ரூபாயைச் சற்றுத் தாண்டும். தண்ணீரோடு சேர்த்து இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ மாவு காணும். அதாவது கிலோ 30 ரூபாய். ரேஷன் புழுங்கல் அரிசியைப் பயன்படுத்தும் வீடுகளில் உளுந்துக்கு மட்டும்தான் காசு. நன்றாகக் கழுவி, கொஞ்சம் கூடுதல் நேரம் ஊறவைத்தால் அந்த அரிசியிலும் இட்லி குறையில்லாமல் வரும். மின்சாரச் செலவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மேசைக் கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட்தான், ஒரு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்கூட ஆகாது.

தெருமுனை மாவு கிலோ 45 முதல் 60 ரூபாய் வரை போகிறது. நிறுவனப் பாக்கெட் என்றால் 80, 100 ரூபாய். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு வாரம் இரண்டரை கிலோ என்று வைத்துக்கொண்டால், பாக்கெட்டையே நம்பியிருக்கும் வீடு மாதம் அறுநூறு ரூபாய் அளவுக்குக் கூடுதலாகச் செலவழிக்கிறது. தெருமுனை மாவு என்றால் கூடுதல் செலவு இருநூறு, முந்நூறு. இருவர் சம்பாதிக்கும் வீட்டில் இது முடிவை மாற்றும் தொகை அல்ல. பணத்துக்காக மட்டும் ஆட்டுங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நேரக் கணக்கில்தான் ஏமாற்றம் இருக்கிறது. மாவாட்ட ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அதற்கெல்லாம் எங்கே நேரம் என்பார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதி இயந்திரத்துடையது. ஆட்டுக்கல் காலத்தில் குழவி சுற்றிய நேரம் முழுவதும் ஒருத்தியின் கை அதில் இருந்தது. 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரக் கிரைண்டரைக் கொண்டுவந்தார். அந்த ஊர் கிரைண்டருக்குப் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியதும் அதுவரை வாங்க முடியாதிருந்த வீடுகளுக்கும் கிரைண்டர் போய்ச் சேர்ந்தது. இன்று உளுந்து அரைபடும் அரை மணி நேரத்தில் நாம் செய்ய வேண்டியது, நான்கைந்து முறை தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிடுவதுதான். அரிசிக்கு அதைவிடக் குறைவு. இடையில் துணி மடிக்கலாம், பிள்ளைக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கலாம். கழுவி ஊறவைக்கப் பத்து நிமிடம், நடுவில் எட்டிப்பார்க்கப் பத்து நிமிடம், வழித்தெடுத்துக் கல்லைக் கழுவ ஒரு கால் மணி நேரம். கை படும் நேரம் மொத்தமே முப்பத்தைந்து நிமிடம்தான்.

ஒரு கிலோ பாக்கெட்டை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போய் வாங்கினால், வண்டியை எடுத்து, நிறுத்தி, வரிசையில் நின்று, திரும்பி வர அதே முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிடும். அப்படியென்றால் பாக்கெட் எதை மிச்சப்படுத்துகிறது? நினைவை. மதியமே அரிசி ஊறப்போட வேண்டும், மாலை ஆட்ட வேண்டும், படுக்கப் போகும்முன் உப்புப் போட்டுக் கலக்க வேண்டும், காலையில் பொங்கியதா என்று பார்த்து உள்ளே வைக்க வேண்டும். இந்தச் சங்கிலி யாராவது ஒருவர் தலைக்குள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அலுவலகக் கூட்டத்தின் நடுவில் ‘அரிசி ஊறப்போடவில்லையே’ என்று திடுக்கிடுவது பெரும்பாலான வீடுகளில் அம்மாதான். கையும் காலும் படும் சிரமத்தை விட இதுதான் களைப்பு. பாக்கெட் வாங்குவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லும் பெரியவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் அந்தச் சுமையை இறக்க வேறு வழியும் உண்டு. எந்த நாள் என்று முடிவு செய்து, ஆளை மாற்றிவிட வேண்டும். சனிக்கிழமை மாவு அப்பாவின் பொறுப்பு என்று வைத்துக்கொண்டால், ஊறப்போடுவதிலிருந்து கல்லைக் கழுவிக் கவிழ்ப்பது வரை அவருடையது. ‘அரைத்துவிட்டேன், கழுவிவிடு’ என்பது பொறுப்பேற்றதில் சேராது. பத்து வயதுப் பிள்ளை அரிசி அளக்கலாம், வெந்தயம் போடலாம். சுற்றும் கல்லுக்குள் கை விடக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும்.

மிக்ஸியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளேடு வேகமாகச் சுற்றுவதால் மாவு சூடாகிறது. கல்லில் திரள்வதுபோல் உளுந்து காற்றோடு பொங்கி வருவதில்லை, மாவும் குறைவாகத்தான் காணும். ஐஸ் தண்ணீர் விட்டு, சிறிது சிறிதாக, மூன்றுக்கு ஒன்று என்று உளுந்தைக் கூட்டி அரைத்தால் சமாளிக்கலாம். இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கும் கிரைண்டர் பழுதான வாரத்துக்கும் அது போதும்.

ஊறவைத்ததைக் கொண்டுபோனால் அரைத்துத் தரும் கடைகள் அருகி வருகின்றன. உங்கள் தெருவில் ஒன்று இருந்தால் விட்டுவிடாதீர்கள். அரிசியும் உளுந்தும் அளவும் நம்முடையவை, கல்லைக் கழுவும் வேலை நம்முடையது அல்ல. ஒரே குறை, நமக்கு முன் அரைத்தவரின் மாவு கொஞ்சம் ஒட்டியிருக்கும், அதனால் நம் மாவு சற்றுச் சீக்கிரம் புளிக்கும். காலை முதல் ஆளாகப் போனால் அதுவும் இல்லை.

இனி தெருமுனை மாவு. இதில் பொதுத்தீர்ப்பு சொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு கடையும் ஒரு தனி உலகம். வீட்டிலேயே இரண்டு பெரிய கிரைண்டர் வைத்துக்கொண்டு, அன்று ஆட்டியதை அன்றே விற்றுத் தீர்க்கும் அக்காமார்கள் இருக்கிறார்கள். அந்த மாவு பல வீட்டு மாவை விட நன்றாக இருக்கும். முந்தாநாள் மிச்சத்தைப் புது மாவில் கலந்து கட்டி வைக்கும் கடைகளும் இருக்கின்றன. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கவரில் தேதி கிடையாது. எந்தத் தண்ணீரில் அரைத்தது என்பதும் தெரியாது. உளுந்து விலை ஏறும்போதெல்லாம் உளுந்தைக் குறைத்து அரிசியைக் கூட்டுவதும், பொங்காத குறையை ஆப்ப சோடாவால் மறைப்பதும் நடக்கிறது. தோசையில் இது தெரியாது. சொல்லப்போனால் அரிசி கூடிய மாவில் தோசை மொறுமொறுவென்று வரும். மாட்டிக்கொள்வது டிபன் டப்பாவில்தான். காலை ஏழு மணிக்கு மெத்தென்று இருந்த இட்லி, பிள்ளை மதியம் டப்பாவைத் திறக்கும்போது விறைத்துப்போயிருக்கும். பாதி சாப்பிடாமல் திரும்பி வரும் டப்பாவுக்குப் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் மாவைச் சந்தேகப்படுங்கள்.

புதுக் கடையில் வாங்கினால் கலக்கும்முன் ஒரு சொட்டு மாவை ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மிதந்தால் உளுந்து சரியாக இருக்கிறது, மாவும் சரியாகப் பொங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். அடியில் போய் உட்கார்ந்தால் அன்றைக்குத் தோசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறுவனப் பாக்கெட்டின் பலம் தேதியும் உரிம எண்ணும்தான். உறையில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கும், தயாரித்த நாள் இருக்கும். 2005இல் பெங்களூரில் சிறிதாகத் தொடங்கிய ஐடி ஃபிரெஷ் போன்றவை வந்த பிறகுதான் மாவு வாங்குவது பல வீடுகளில் கூச்சப்படாத காரியமானது. பலவீனமும் அதன் வழியிலேயே இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து நம் வீடு வரை குளிர் விடாமல் வந்தால்தான் அந்தத் தேதிக்குப் பொருள். இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் பூட்டும் கடையில், தேதி தாண்டாத பாக்கெட்டும் உப்பிப்போய் நிற்கும். உள்ளே நொதித்தல் தொடர்ந்து வாயு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கெட்டுவிட்டது என்று உடனே சொல்ல முடியாவிட்டாலும் புளித்துவிட்டது நிச்சயம். தட்டையாக, தொட்டால் சில்லென்று இருக்கும் பாக்கெட்டைத்தான் எடுக்க வேண்டும். எந்த மாவாக இருந்தாலும் மேலே கறுப்பு, பச்சை, இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுச் சமைப்பது கூடாது, முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

புளிப்பை முதலில் வைக்க வேண்டும் என்றேனே, காரணம் இதுதான். வாங்கும் மாவில் புளிப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது கடைக்காரருக்கே தெரியாது. வீட்டு மாவில் கடிவாளம் நம் கையில் இருக்கிறது. ஆட்டி முடித்ததும் மாவை இரண்டு பாத்திரங்களாகப் பிரியுங்கள். ஒன்றை உப்புப் போட்டுக் கையால் கலந்து வெளியே வையுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், காலையில் மேடை முழுக்க வழிந்திருக்கும். இன்னொன்றை உப்புப் போடாமல் அப்போதே ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். சனிக்கிழமை ஆட்டிய மாவின் முதல் பாதி ஞாயிறு இட்லிக்கும் திங்கள் தோசைக்கும் சரியாகப் போய்விடும். திங்கள் இரவு இரண்டாம் பாதியை வெளியே எடுத்து உப்புக் கலந்து வைத்தால், செவ்வாய்க்கிழமை மறுபடியும் புது மாவு இட்லி. மிஞ்சியது புளித்து வரும்போது வெங்காயம், கேரட் தூவி ஊத்தப்பம், கடுகு தாளித்துக் கொட்டிக் காரப் பணியாரம். ஒரே பாத்திரத்தில் ஐந்து நாள் வைத்துக் கடைசியில் முகம் சுளித்துக்கொண்டு சாப்பிடும் பிரச்சினை இந்த ஒரு பழக்கத்தில் தீர்ந்துவிடுகிறது.

பருவத்தையும் பார்க்க வேண்டும். சென்னை, மதுரை மே மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு எட்டு மணிக்கு வெளியே வைத்ததை விடியும்வரை விட்டால் கதை முடிந்தது. ஆட்டும் நேரத்தையே தள்ளிப்போட்டு, படுக்கும் நேரத்தில் வெளியே வைத்து, எழுந்த கையோடு உள்ளே வைத்துவிட வேண்டும். மார்கழியிலும் மலைப் பகுதிகளிலும் பன்னிரண்டு மணி நேரம்கூடப் போதாது. அங்கே உப்பைப் பொங்கிய பிறகு சேர்த்தால் நல்லது, ஏனென்றால் உப்பு நொதித்தலை மெதுவாக்கும். அணைத்து வைத்த மைக்ரோவேவ் அடுப்புக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு வைத்து மூடுவதும் பலன் தரும்.

ஆகவே என் கட்சி இது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிற, வாரத்தில் ஒரு நாளாவது இருவரும் வீட்டில் இருக்கிற குடும்பத்துக்கு வீட்டுக் கிரைண்டர்தான். விருந்தினர் வந்த நாளுக்கும் தேர்வு வாரத்துக்கும் பாக்கெட், அதுவும் முதல் நாள் மாலையே வாங்கி, இட்லிக்கு என்றால் இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்து. இரவுப் பணியும் பகல் பணியும் மாறி மாறி வரும் வீட்டில், கைக்குழந்தையோடு ஒருவரே தனியாகச் சமாளிக்கும் வீட்டில் இந்தத் தர்க்கம் செல்லாது. அங்கே நம்பகமான ஒரு மாவுக்கார அக்காவைக் கண்டுபிடித்து, வாரம் இரண்டு நாள் கொண்டுவந்து கொடுக்கச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். குழந்தைக்கு முதல் இட்லி ஊட்டத் தொடங்கும் மாதங்களில் மட்டும் தேதி தெரியாத மாவைத் தவிருங்கள்.

பரணில் ஏற்றி வைத்த பழைய கிரைண்டரை மறுபடியும் இறக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அரிசி போட்டதும் சுற்றாமல் முனகினால் மோட்டார் போய்விட்டது என்று உடனே புதிது வாங்கக் கிளம்ப வேண்டாம். பல நேரங்களில் தளர்ந்திருப்பது அடியில் உள்ள பெல்ட்தான். பழுது பார்க்கும் கடையில் சின்னச் செலவில் மாற்றித் தருவார்கள். மாற்றியதும் முதல் தடவை ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு அரைத்துக் கீழே கொட்டிவிட்டு, கல்லை நன்றாகக் கழுவிய பிறகு உளுந்தைப் போடுங்கள்.