கோபிப் பாலைவனக் குழுச் சுற்றுலா: ஓட்டுநருக்கு முழு மதிப்பெண், பயணத் திட்டத்திற்குப் பாதி

மங்கோலியாவின் தென்பகுதியில் உள்ள கோபிப் பாலைவனத்தை வெளியூர்க்காரர்கள் தாமே வண்டி ஓட்டிச் சென்று பார்ப்பது எளிதன்று. தலைநகர் உலான் பாட்டரிலிருந்து தலன்சத்காத் நகரம் வரை சுமார் 550 கி.மீ. தூரத்திற்குத் தார்ச்சாலை உண்டு. அதற்கு அப்பால் பெரும்பாலும் மண் தடங்கள்தான்; அவையும் நாலைந்தாகப் பிரிந்து, சிறிது தொலைவில் மறுபடி கூடுகின்றன. எனவே தலைநகரில் இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் குழுச் சுற்றுலாவில் சேர்ந்தேன்.

கொடுத்த பணத்திற்கு முழுமையாகக் கிடைத்தது ஓட்டுநரின் திறமை. குன்றுகளின் வடிவத்தை வைத்தே அவர் திசை பிடித்தார். எங்களுக்குக் கிடைத்த பழைய ரஷ்ய வேனில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. மேடேறும்போது அது சூடானால் மூடியைத் திறந்து, பயணிகள் முகத்தில் அனல் அடிக்க, உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிசெய்துவிடுவார். குளிர்சாதன வசதியை எதிர்பார்ப்பவர்கள் நவீன ஜீப்பை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது நல்லது.

குறை பயணத் திட்டத்தில்தான். அதில் தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் குறித்திருந்தார்கள். மண் தடத்தில் 180 கி.மீ. என்பது ஏறக்குறைய ஒரு பகற்பொழுது என்பதை யாரும் சொல்லவில்லை. மாலை வெயிலில் செந்நிறம் கொள்வதற்குப் பெயர்பெற்ற பயன்சாக் பாறைச்சரிவை உச்சிவேளையில் காட்டிவிட்டுக் கிளப்பிவிட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் ராய் சாப்மேன் ஆண்ட்ரூசின் குழு 1923இல் டைனோசர் முட்டைகளைக் கண்டெடுத்த இடம் அது. கூட்டின் மேல் எலும்புக்கூடாகக் கிடைத்ததால் முட்டை திருட வந்ததாகப் பழி சுமந்த ஓவிராப்டர் என்ற டைனோசர், உண்மையில் அத்தகைய முட்டைகளை இட்ட இனம் என்பது 1990களில்தான் தெளிவாயிற்று. இவ்வளவு சுவையான செய்தியை எங்கள் வழிகாட்டி ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்.

கொங்கொரின் எல்ஸ் மணல்மேடுகளில் மட்டும் அவசரப்படுத்தவில்லை. சில இடங்களில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் வரை எழும் அந்த மேட்டில் காலை ஊன்ற ஊன்றச் சறுக்குகிறது. உச்சியிலிருந்து உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கினால், காய்ந்த மணல் சரிந்து, தொலைவில் விமானம் பறப்பதுபோல் உறுமுகிறது. யோலின் ஆம் பள்ளத்தாக்கின் உறைபனியைப் பார்க்க விரும்புவோர் கோடையின் தொடக்கத்திலேயே செல்ல வேண்டும். பின்னர் அது உருகிவிடக்கூடும்.

தங்குமிடம் கெர் எனப்படும் வட்டக் கூடாரம். நடுவில் அடுப்பு இருப்பதால் இரவுக் குளிர் தெரியவில்லை. கழிப்பறைதான் சற்றுத் தள்ளி இருந்தது. உணவில் ஆட்டிறைச்சி தவிர்க்க முடியாதது, தேநீரிலும் உப்பு உண்டு. சைவம் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்தவர்களுக்கு முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் சேர்த்த நூடுல்ஸ் தனியாகச் சமைத்தார்கள். அங்கு போய்ச் சொன்னவர்களுக்கு, மற்றவர்களுக்குச் சமைத்த உணவிலிருந்து இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதையே பரிமாறினார்கள்.