கான்ஃபரன்ஸ் மாற்றங்களுக்கான கட்டணச் செய்திச் சேவை: ஓராண்டுச் சந்தாவுக்குப் பின்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எந்த அணி எந்தக் கான்ஃபரன்ஸுக்கு, அதாவது தமக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் எந்தக் கூட்டமைப்புக்கு, மாறும் என்பதை மட்டுமே எழுதும் ஒரு செய்திச் சேவைக்குச் சந்தா கட்டி ஓராண்டு படித்தேன். 2023 ஆகஸ்டில் ஓரிகன், வாஷிங்டன் பல்கலைக்கழக அணிகள் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸுக்குப் போக முடிவெடுத்ததையடுத்து, 1915இல் வேர்விட்ட அவற்றின் பழைய கான்ஃபரன்ஸான பேக்-12 எப்படிச் சிதறி, 2024 பருவத்தில் ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே அணிகளோடு நின்றது என்பதைத் தொலைக்காட்சி ஒப்பந்தங்களிலிருந்து தொடங்கி விளக்கிய ஒரு கட்டுரைக்கே கொடுத்த பணம் தகும். அந்தச் சிதறலால் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் இனி அட்லாண்டிக் கரைவரை பறந்து ஆட வேண்டியிருப்பதை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டியிருந்தார்கள். பார்த்தபோது மனம் கனத்தது. ஆனால், அடுத்து யார் மாறுவார்கள் என்ற ஊகங்களுக்கும் உறுதியான செய்திக்குரிய அதே தடித்த தலைப்பைத் தருவது வாசகருக்குச் செய்யும் அநீதி. ஊகத்தை ஊகமென்றே குறித்தால் சந்தாவைத் தயங்காமல் புதுப்பிப்பேன்.