மணற்கேணி செயலி: மாற்று டீச்சருக்குக் கைத்துணை

மகப்பேறு விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாக ஆறு மாதம் வகுப்பெடுக்கிறேன். நான் கணக்கு படித்தவள், ஆனால் யார் லீவு போட்டாலும் எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு என்னைத்தான் அனுப்புவார்கள், அதுவும் மணி அடித்த பிறகு. முதல் வாரம் ரொம்பத் திணறினேன். அப்புறம்தான் பள்ளிக் கல்வித்துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணியைப் போனில் இறக்கினேன். இலவசம். வகுப்பு, பாடம் பார்த்து வீடியோவை எடுத்துவிடலாம், படத்தோடு சொல்வதால் எனக்கே தெளிவாகப் புரிகிறது. இப்போதெல்லாம் இரவே பார்த்து வைத்துக்கொள்கிறேன். போன வாரம் ஒளியியல் வந்தது. சத்துணவுக் கூடத்தில் எவர்சில்வர் கரண்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். "டீச்சர், விளையாட விடுங்க" என்று கத்திய கடைசி பெஞ்சுப் பையன் கரண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் மூஞ்சி தலைகீழா தெரியுது!" என்று எழுந்தே நின்றுவிட்டான். புதிதாகச் சேர்ந்த தற்காலிக ஆசிரியர்கள் முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.