ஆதி டிஎன்ஏ ஹெல்த் கிட்: எச்சி துப்ப இவ்ளோ துட்டா?

கம்பெனி பேர் வேண்டாம். முன்னோர் யாரு, அவங்க வழியா நமக்கு என்ன நோய் வரலாம்னு சொல்லுத கிட், ஆஃபர்ல வந்துச்சுன்னு அத்தான் ரெண்டு வாங்கிட்டாவ, ஒண்ணு எனக்கு. குழாய்ல கோடு வரைக்கும் எச்சி வேணும், நுரை கணக்குல வராது, அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஒண்ணும் திங்கக்கூடாது, அத்தான் வெத்தலய விட்டுட்டு உக்காந்திருந்ததே பெரிய விஷயம். ஆச்சி பாத்துட்டு "எச்சி துப்புததுக்கால துட்டு குடுத்த?"ன்னாவ.

ரிப்போர்ட் பாக்க ஜோரா இருக்கு. ஆனா மொதப் பக்கமே மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், அதாவது நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்ப தாக்குத நோய். 5,000 வருசத்துக்கு முன்னால ஸ்டெப்பி புல்வெளில ஆடுமாடு மேய்ச்ச கூட்டந்தான் அந்த ரிஸ்க்க வட ஐரோப்பாவுக்கு கொண்டுபோச்சுன்னு பழைய எலும்பு டிஎன்ஏவ வச்சு 2024ல நேச்சர் இதழ்ல வந்துச்சு, நல்ல ஆராய்ச்சிதான், அதுக்காக தாமிரபரணி தண்ணி குடிச்சவனுக்கு அதயே தூக்கி மொதப் பக்கத்துல போட்டா எப்படி? ரிஸ்க் ஸ்கோர் போடுத கணக்கே பெரும்பாலும் ஐரோப்பாக்காரங்க டேட்டாவுல கட்டுனது.

பக்கத்துல ஆதிச்சநல்லூர் இருக்கே, முதுமக்கள் தாழில கெடச்ச எலும்போட ஒப்பிட்டிருப்பாங்கன்னு பாத்தா அதுவும் இல்ல. இதுக்கு அவங்கள திட்ட முடியாது, நம்ம வெயிலுக்கு டிஎன்ஏ சிதைஞ்சிரும், காதுக்குள்ள இருக்க கெட்டி எலும்புல தப்பிச்சு கெடந்தாதான் உண்டு. ஹரியானாவுல இருக்க சிந்துவெளி ஊர் ராகிகடில 61 எலும்பு மாதிரிய சோதிச்சு பாத்து ஒரே ஒரு பொம்பளயோடதுதான் தேறுச்சு.

உருப்படியான பக்கம் ஒண்ணு உண்டு. கொரோனா கடுமையா ஆகுத ரிஸ்க்ல ஒண்ணு நியாண்டர்தால்ங்குத அழிஞ்சுபோன ஆதி மனுச இனத்துகிட்ட இருந்து வந்தது, தெற்காசியாவுல பாதிப் பேர்கிட்ட இருக்குன்னு 2020ல சீபெர்க், பாபோன்னு ரெண்டு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சது, அத தெளிவா எழுதிருக்காங்க.

எனக்கு எரிச்சலானது எம்ஒய்பிபிசி3ங்குத ஜீன் இல்லாததுதான். அந்த ஜீன்ல 25 டிஎன்ஏ எழுத்து விட்டுப்போனா நடு வயசுக்கு மேல இதயத் தசை பலவீனமாகுத ரிஸ்க் கூடும், ஏறக்குறைய 33,000 வருசத்துக்கு முன்னால வந்த மாற்றம், இந்தியாவுல 4 சதவீதம் பேர்கிட்ட இருக்குன்னு 2009லயே வந்தாச்சு. நமக்குன்னே உள்ள விஷயம், அதக் காணோம், மெயில் போட்டு கேட்டா "எங்க பேனலில் இல்லை"ன்னு, அதாவது அவங்க சோதிக்குத பட்டியல்ல இல்லன்னு ஒத்த வரி.

அத்தானுக்கு சுகர் ரிஸ்க் 'சராசரி'யாம், அவிய பல வருசமா மாத்திரை போடுதாவ. ரிஸ்க் வேற நோய் வேறதான், இருந்தாலும் இந்த துட்டுக்கு வீட்டுல எல்லாருக்கும் மூணு மாச சராசரி சுகர் காட்டுத ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்துரலாம், ரெண்டு ஸ்டார்.